பதினான்காம் பக்கம் காலி

நியூயார்க்
ஆகஸ்ட் 17, 1993

மதிப்பிற்குரிய திரு. ஹெர்ஷ் லேமல் வினோக்கூர் அவர்களுக்கு,

இறந்துவிட்டார் என்று நானே அச்சில் ஏற்றிய ஒருவருக்கு எழுதும் கடிதத்தை எப்படித் தொடங்குவது? எனக்குத் தெரியவில்லை. நலம் விசாரித்தால் கேலி செய்வதுபோல் இருக்கிறது. விசாரிக்காமல் விடுவது அதைவிட மோசம். அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தபாலட்டை நேற்று நூலகத்துக்கு வந்தது. “உங்கள் நூலடைவின்படி நான் 1979இல் காலமாகிவிட்டேன். அந்த வருஷம் எனக்குக் குடலிறக்க அறுவை நடந்தது உண்மை. ஆனால் எழுந்துவிட்டேன்” என்று எழுதியிருந்தீர்கள். அலுவலகத்தில் ஒருத்தி அதை வாசித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிழை எப்படி நேர்ந்தது என்பதை இன்று தேடிக் கண்டுபிடித்தேன். 1979 மார்ச்சில் இங்குள்ள யித்திஷ் மொழி நாளிதழில் கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் இரங்கல் குறிப்பு வந்திருக்கிறது: ஹெர்ஷ் லேமல் வினோக்கூர், பிறந்த ஊர் ஸ்வோலின். பெயரும் ஊரும் பொருந்தியதும் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு உழைத்த ஒரு புத்தகத்தில் இப்படி ஒரு சோம்பல்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வீடு திரும்ப முடியாதவர்களை ஜெர்மனியில் முகாம்களில் வைத்திருந்தார்களே, அங்கே நம் ஆட்கள் அச்சிட்ட நூல்களையும் இதழ்களையும் பற்றிய இந்தப் புத்தகத்துக்கு, யூதர் பற்றிய சிறந்த குறிப்புதவி நூலுக்கும் நூலடைவுக்குமான இந்த ஆண்டுப் பரிசை நூலகர் சங்கம் அறிவித்திருக்கிறது. அக்டோபரில் விருந்து. பரிசுரையில் “பிழையற்ற” என்ற சொல் இருக்கிறது. தேர்வுக் குழுவுக்கு இன்றே எழுதப்போகிறேன். எல்லாப் பிரதிகளிலும் ஒட்டுவதற்குத் திருத்தச் சீட்டு அச்சிடவும் ஏற்பாடு செய்கிறேன்.

கடைசியாக ஒரு தொழில் சந்தேகம். முகாமில் நீங்கள் நடத்திய ‘புதுக் கூரை’ இதழின் இரண்டாவது வெளியீட்டில் பதினான்காம் பக்கம் காலியாக இருக்கிறது. நான் பார்த்த பிரதிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். “பக். 14 அச்சிடப்படவில்லை, காரணம் தெரியவில்லை” என்று குறித்திருக்கிறேன். உங்களுக்கு நினைவிருந்தால் சொல்லுங்கள்.

மிகுந்த வருத்தத்துடன்,
பெய்லா மார்கோலிஸ்


பிராங்க்ஸ்
ஆகஸ்ட் 22, 1993

அன்புள்ள டாக்டர் மார்கோலிஸ்,

இவ்வளவு மரியாதையான கடிதம் உயிரோடு இருந்தபோது எனக்கு வந்ததே இல்லை.

முதலில் உங்கள் மனச்சாட்சிக்குக் கொஞ்சம் மருந்து. எங்கள் தாத்தா பெயர் ஹெர்ஷ் லேமல். அவர் போனபோது எங்கள் வீட்டில் ஒன்று, சித்தப்பா வீட்டில் ஒன்று என்று இரண்டு மருமகள்கள் நிறைமாதமாக இருந்தார்கள். செத்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? இரண்டும் ஆண். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மோட்கேயின் மகன் ஹெர்ஷ் லேமல் நான். பெரலின் மகன் ஹெர்ஷ் லேமல் அவன். உங்கள் கறுப்புக் கட்டத்துக்குள் இருப்பது அவன்தான். கோழி வியாபாரி, நல்லவன், ஒரு வரி எழுதியதில்லை. இப்போது உங்கள் தயவில் இதழாசிரியர் ஆகிவிட்டான்.

பதினான்காம் பக்கத்துக்கு வருகிறேன். முகாமின் அச்சகம் ஒரு குதிரைக் கொட்டில். நான் எழுதுவேன். என் அண்ணன் ஸால்மன் ஈய எழுத்துகளை அச்சுக்குக் கோப்பான். எங்கள் அக்கா ஃப்ராடலைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதினேன். நாஜிகள் அவளைக் கொண்டுபோன நாளைப் பற்றி. அந்தப் பக்கத்தை ஸால்மன் கோத்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் இதழ் வந்தது. பதினான்காம் பக்கம் வெள்ளையாக இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவில்லை. “அக்காவை இரண்டாவது தடவை நீ துடைத்துப் போட்டாய்” என்றேன். சொல்லக் கூடாத வார்த்தை. அவன் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அது 1946. அவன் புரூக்ளினில் இருக்கிறான். நான் இங்கே. நடுவில் ஒரு சுரங்க ரயில்தான். இருவரும் அதில் ஏறவில்லை.

இப்போது நான் கேட்கப்போவது உங்களுக்குப் பிடிக்காது. திருத்தச் சீட்டை அச்சிட வேண்டாம். குறைந்தது செப்டம்பரில் நம் புத்தாண்டுப் பண்டிகைகள் முடியும் வரை.

காரணம் இது. பரிசுச் செய்தியைப் பார்த்து ஸால்மனின் தொழுகைக்கூடத்தில் உங்கள் புத்தகத்தை வாங்கியிருக்கிறார்கள். அவன் பிரித்துப் பார்த்தானாம், மூடினானாம். மறுநாள் காலைத் தொழுகை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் “என் தம்பி” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டானாம். எங்கள் ஊர்க்காரன் பின்யே வந்து சொன்னான். இத்தனை வருஷமும் நான் அங்கே “அந்த ஆள்”தான். செத்த பிறகு தம்பி ஆகியிருக்கிறேன். ஒரு மாதம் தம்பியாக இருந்துவிட்டுப் போகிறேனே.

உயிரோடு (நமக்குள் மட்டும்),
ஹெர்ஷ் லேமல்


நியூயார்க்
செப்டம்பர் 3, 1993

அன்புள்ள திரு. வினோக்கூர்,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பதில் தாமதமானதற்குக் காரணம், நீங்கள் கேட்டது எனக்குப் பிடிக்காததுதான்.

தேர்வுக் குழுவிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் சொல்லிவிட்டேன். தலைவர் நோர்பர்ட் ஸ்டைன்ஹார்ட் போனில் பேசினார். பரிசைத் திருப்பிக் கொடுக்கத் தயார் என்றேன்.

“எதுக்கும்மா? நீ புத்தகத்துல போட்ட அறுநூறு பேர்ல ஒருத்தர் உயிரோட இருக்கார். நம்ம ஜனங்க புத்தகத்துல இந்தப் பக்கமா பிழை வர்றது எவ்வளவு அபூர்வம், யோசிச்சியா?”

“பரிசுரையில் ‘பிழையற்ற’ன்னு போட்டிருக்கீங்க.”

“‘ஏறக்குறைய’ன்னு சேத்துடறேன். போய் வேலையைப் பாரு.”

அங்கே பிரச்சினை முடிந்தது. சீட்டு விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம். பிழை என்று தெரிந்தபின் அதை ஒரு நாள் விட்டுவைத்தாலும் அதன் பெயர் பிழை அல்ல. ஆனாலும் அச்சகத்துக்கு இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நேற்று இன்னொரு போன் வந்தது. சொற்களை அப்படியே எழுதுகிறேன்.

“டாக்டர் மார்கோலிஸா? ஸால்மன் வினோக்கூர் பேசறேன், புரூக்ளின். உங்க புத்தகத்துல என் தம்பி செத்துட்டான்.”

“ஐயா, அந்தப் பதிவுல ஒரு—”

பலமாக இருமினார்.

“நல்ல தாள் போட்டிருக்கீங்க. பைண்டிங்கும் நல்லாருக்கு. எழுத்துதான் பொடி.”

“ஐயா, நான் சொல்ல வந்தது—”

மறுபடியும் இருமல். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: “செத்தவங்ககிட்ட மன்னிப்புக் கேக்க ஒரு முறை இருக்கு. பத்து ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கல்லறைக்குப் போகணும். இந்த மாசம் நம்ம புத்தாண்டுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, பதினோரு மணி. குவீன்ஸ்ல எங்க ஊர்ச் சங்கத்து மயானம். ஒன்பது பேர் இருக்காங்க. பத்தாவது ஆளு அங்க யாராச்சும் கிடைப்பாங்க.”

“இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?”

“செத்தவங்க விவரமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? தெரிஞ்சு வெச்சுக்குங்க.”

வைத்துவிட்டார். உண்மையைச் சொல்ல இரண்டு முறை வாய் திறந்தேன். இரண்டு முறையும் இருமல். அவருக்குச் சளி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஊகங்களை நான் அச்சிடுவதில்லை. இந்தச் செய்தியை மட்டும் உங்களுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெய்லா மார்கோலிஸ்


பிராங்க்ஸ்
செப்டம்பர் 7, 1993

அன்புள்ள பெய்லா,

“டாக்டர்” போய்விட்டது. மன்னிக்கவும். என் வயதில் பெரிய சொற்கள் எழுதக் கை வலிக்கிறது.

எங்கள் சங்கத்து மயானத்தில் இருப்பது கோழி வியாபாரியின் கல்லறை. கல்லில் “பெரலின் மகன்” என்று எழுதியிருக்கும். ஸால்மன் அந்த அடக்கத்துக்குப் போனவன். மண் அள்ளிப் போட்டவன். நான்தான் போகவில்லை, அவன் வருவான் என்று. வாழ்நாள் முழுதும் எழுத்துக் கோத்தவன் ஒரு கல்லைத் தப்பாக வாசிப்பானா? இல்லை, கண் போய்விட்டதா? பின்யேயிடம் கேட்டேன். “உங்கண்ணனுக்கா? ஊசில நூல் கோக்கறான்யா” என்றான்.

போவதா, வேண்டாமா? ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் படித்தவர்.

ஹெர்ஷ் லேமல்


நியூயார்க்
செப்டம்பர் 9, 1993

அன்புள்ள ஹெர்ஷ் லேமல்,

என் படிப்பில் இதற்கு இடமில்லை. நானாக இருந்தால் போகமாட்டேன். அதனாலேயே நீங்கள் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

மழை வரும் என்கிறார்கள். கனமான கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெய்லா


பிராங்க்ஸ்
செப்டம்பர் 13, 1993

அன்புள்ள பெய்லா,

போனேன். கனமான கோட்டு என்னிடம் இல்லை. இருந்ததைப் போட்டுக்கொண்டு போனேன்.

சீக்கிரமே போய் வாசலருகே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன். அவர்கள் இரண்டு காரில் வந்தார்கள். ஸால்மன் முன் இருக்கையிலிருந்து இறங்கினான். சாம்பல் நிறத் தொப்பி. குள்ளமாகிவிட்டான். எங்கள் அப்பாவே இறங்குவதுபோல் இருந்தது. நான் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்துவிட்டேன். மயானத்தை விட்டுப் போகும்போது கழுவ வேண்டியதை வரும்போதே கழுவினேன்.

கூட வந்தவர்களில் ஒரு தடியன் தலைகளை எண்ணிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான்:

“அங்க நிக்கற பெரியவரே! யூதரா?”

“மயானத்துல வேற யார் கை கழுவுவாங்க?”

“ஒரு பத்து நிமிஷம் வாங்க. ஒரு ஆளு குறையுது.”

“எதுக்கு?”

“இவரு தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கறாரு.”

“தம்பி என்ன சொல்றான்?”

“செத்தவன் என்னத்தைச் சொல்லுவான்? வாங்க, நனையறோம்ல.”

போய் நின்றேன். எனக்கும் ஸால்மனுக்கும் நடுவில் மூன்று பேர். அவன் என் பக்கம் திரும்பவில்லை. கல்லில் கொட்டை எழுத்தில் “பெரலின் மகன் ஹெர்ஷ் லேமல்”. ஸால்மன் முறைப்படி காலணியைக் கழற்றிவிட்டு மழையில் காலுறையோடு நின்றான். கல்லைப் பார்த்தபடி சத்தமாகச் சொன்னான்: “இஸ்ரவேலின் கடவுளுக்கு எதிராவும், மோட்கேயின் மகன் ஹெர்ஷ் லேமலுக்கு எதிராவும் தப்பு பண்ணினேன்.”

மோட்கேயின் மகன். புரிகிறதா, பெய்லா? பெரலின் மகன் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு. அந்த ஒன்பது பேரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம்.

பிறகு அவன் சொன்னது இது. “அவன் எழுதினதை முழுசா கோத்தேன். எங்கக்கா பேரு கடைசி வரில வந்துச்சு. அந்தப் பேரோட எழுத்துங்களைக் கையில எடுத்தேன். வைக்க முடியல. ராத்திரி முழுக்கப் பாத்தேன், முடியல. அவ பேரு இல்லாம அந்தப் பாட்டைப் போடவும் மனசு வரல. எல்லாத்தையும் கலைச்சுட்டேன். இதை அவன்கிட்ட சொல்லத் தெரியல. அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதுக்கப்புறம் சொல்லப் பிடிக்கல.”

அவன் முடித்ததும் கூடியிருப்பவர்கள் “உனக்கு மன்னிப்பு” என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னோம். முதல் இரண்டையும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னேன். மூன்றாவதை மற்றவர்கள் முடித்தபிறகு நான் தனியாகச் சொன்னேன். தடியன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பிறகு ஸால்மன் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான். என் முறை வந்தது. அதே கை, கட்டைவிரல் நகத்தில் அதே பிளவு.

“சிரமப்பட்டு வந்ததுக்கு நன்றி, ஐயா.”

“பரவாயில்லைங்க.”

“மழைல இந்தக் கோட்டு போதாது.”

“எனக்குப் போதும்ங்க.”

கார்கள் போய்விட்டன. அவன் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் “ஐயா” என்று சொல்லிவிட்டானே, அதைத் தாண்டி எப்படி வருவது? வழக்கப்படி கோழி வியாபாரியின் கல்லறைமேல் ஒரு கூழாங்கல் வைத்துவிட்டு நானும் பஸ் ஏறினேன்.

இனி நீங்கள் திருத்தலாம். பதினான்காம் பக்கத்துக்கும் இப்போது காரணம் தெரிந்துவிட்டது. அதைப் போட வேண்டாம். “காரணம் தெரியவில்லை” என்பதே இருக்கட்டும்.

ஹெர்ஷ் லேமல்


நியூயார்க்
செப்டம்பர் 29, 1993

அன்புள்ள ஹெர்ஷ் லேமல்,

புத்தாண்டு வாழ்த்துகள். வாழ்வோரின் புத்தகத்தில் நல்ல ஆண்டுக்கு நீங்கள் எழுதப்பட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வாழ்த்தை வழக்கத்துக்காகத்தான் எல்லோருக்கும் சொல்வேன். இந்த முறை கொஞ்சம் கவனத்தோடு சொல்கிறேன்.

திருத்தச் சீட்டு அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டும், ஒரு சிறு கோடும், பிறகு வெற்றிடமும். பதினான்காம் பக்கக் குறிப்பை நீங்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன். தெரிந்ததைத் தெரியவில்லை என்று நான் அச்சிடுவது இதுவே முதல் முறை.

அக்டோபர் 18, திங்கட்கிழமை மாலை பரிசு விருந்து. நன்றியுரைக்குப் பதிலாக அந்தத் திருத்தத்தை மேடையில் வாசிக்கப்போகிறேன். பரிசு பெறுபவருக்கு இரண்டு இருக்கைகள் தருவார்கள். நீங்கள் வருவீர்களா? பேச வேண்டியதில்லை, எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஹோட்டலின் பெயரும் வழியும் தனித் தாளில்.

பெய்லா


பிராங்க்ஸ்
அக்டோபர் 5, 1993

அன்புள்ள பெய்லா,

சூப் இருக்குமென்றால் வருகிறேன். என் பெயரைத் திருத்தும்போது கைதட்டுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாரென்று கேட்டால் கோழி வியாபாரி என்று சொல்வேன்.

இன்னும் உயிரோடு,
ஹெர்ஷ் லேமல்


நியூயார்க்
அக்டோபர் 17, 1993

அன்புள்ள ஹெர்ஷ் லேமல்,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நாளை மேசையில் உங்கள் கையில் தருவேன். நீங்கள் வீட்டுக்குப் போய் வாசியுங்கள். நேரில் சொல்ல எனக்கு வராது.

இதற்கு முன்னும் இரண்டு சிறிய பரிசுகள் வாங்கியிருக்கிறேன். இரண்டு முறையும் இரண்டாவது இருக்கைச் சீட்டை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். முதல் முறை விவாகரத்தான புதிது. இரண்டாவது முறை அம்மா ஆஸ்பத்திரியில். “வேற யாரும் இல்லையா, டாக்டர்?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அறுநூறு பேரின் பிறப்பு, இறப்பு, ஊர், புனைபெயர் எல்லாம் தெரிந்த ஒருத்திக்கு ஒரு நாற்காலியை நிரப்ப ஆள் இல்லை என்பது வேடிக்கைதான். குறை சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் சேர்த்த பெயர்களில் பதில் எழுதியது நீங்கள் ஒருவர்தான் என்பதை மட்டும் சொல்ல விரும்பினேன்.

நாளை எட்டாம் எண் மேசை. வாசலுக்கு வந்து உங்களை அழைத்துப் போகத்தான் நினைத்தேன். மேடைக்காரர்களை முன்னதாகவே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

பெய்லா

அக்டோபர் 19, காலை

கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. நேற்று நடந்ததைக் கீழே எழுதி, தபாலிலேயே அனுப்புகிறேன்.

சூப் வரும் வரை உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. பிறகு சாம்பல் நிறத் தொப்பி வைத்த ஒரு பெரியவர் வந்து, யாரையும் கேட்காமல் அதில் உட்கார்ந்தார். காலடியில் ஒரு காகிதப் பை. சூப்பைக் குடித்துவிட்டு “உப்பு பத்தல” என்றார். அப்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

“பேப்பர்ல பாத்தேன்,” என்றார். “அவன் வருவான்னு நினைச்சேன்.”

“வருவார்,” என்றேன். இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொல்லிப் பரிமாறுபவரிடம் கேட்டேன். அதற்குள் என்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திருத்தத்தை வாசித்தேன். “வினோக்கூர், ஹெர்ஷ் லேமல், மோட்கேயின் மகன். 1979 என்ற ஆண்டை நீக்கவும்.” எல்லோரும் சிரித்தார்கள், பிறகு எழுந்து கைதட்டினார்கள். உங்கள் அண்ணன் எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நான் திரும்பி வந்தபோது அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். உங்கள் முகவரியைத் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். பார்த்தா அஞ்சு நிமிஷத்துல சண்டை வந்துடும். இப்பதான் தீர்ந்திருக்கு.” காகிதப் பையை நாற்காலியில் வைத்தார். “இதைக் குடுத்துடுங்க. அன்னிக்கு அவன் நடுங்கிக்கிட்டு நின்னான்.”

பையில் ஒரு கோட்டு. கனமான கம்பளி, கறுப்பு. புதிது அல்ல. ஆனால் பொத்தான்கள் எல்லாம் புதிதாகத் தைத்தவை.

நான் வெளியே வரும்போது வாசலில் இருந்த காவலாளி என்னை நிறுத்தினான். “உங்க மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார்ம்மா. சின்ன ஆளு. மெல்லிசா ஒரு கோட்டு. கதவு கிட்டயே நின்னு உள்ள ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தார். உள்ள போங்கன்னேன். ‘என் இடத்துல ஆள் இருக்கு’ன்னு சொன்னார். நீங்க மேடையில வாசிச்சதைக் கேட்டுட்டு, கை தட்டிட்டுப் போயிட்டார்.”

கோட்டை டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

பெய்லா